கேப்டன் பட்டியலும் நாலு இருபது பஸ்ஸும்

கேள்வி: குன்னூர் வட்டாரத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, மேடம். வயது 34. சொந்த ஊர் சமவெளி. எங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் மாணவிகள். ஆனால் விளையாட்டுக் குழுவில் 9 பேரில் 8 பேர் ஆண் பேராசிரியர்கள். மாணவர் விளையாட்டுச் செயலாளராக இதுவரை ஒரு மாணவிகூட வந்ததில்லை. கேப்டன்கள் எல்லாரும் ஹாஸ்டல் பிள்ளைகள், இல்லாவிட்டால் டவுன் பிள்ளைகள். இதை மாற்ற நினைத்து, கீழ்க்கோத்தகிரிக்கும் கீழே உள்ள ஒரு இருளர் ஊரிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவியைத் தடகள அணிக்குக் கேப்டன் ஆக்கினேன். விளையாட்டு விழா மேடையில் 'நம் கல்லூரியின் முதல் பழங்குடிக் கேப்டன்' என்று பெருமையாக அறிமுகமும் செய்தேன். இரண்டு வாரம் வந்தாள். அப்புறம் பிராக்டிஸுக்கு வரவே இல்லை. ஊட்டியில் நடந்த செலக்‌ஷனில் 1500 மீட்டரில் ஒரு ஹாஸ்டல் மாணவிக்குப் பின்னால்தான் வந்தாள் என்பதைக் காட்டி, "திறமையைப் பாருங்க சார், எண்ணிக்கையைப் பார்க்காதீங்க" என்கிறார்கள் மூத்தவர்கள். வணிகவியல் துறையில் ஒரு மேடம் இருக்கிறார். படிக்கும் காலத்தில் பல்கலைக்கழகப் பூப்பந்து அணியில் ஆடியவர். அவரைக் குழுவின் துணைத் தலைவராக்கலாம் என்றேன். "லேடீஸ் டீமோட துணைக்குப் போய்வரட்டும், போதும்" என்றார்கள். காலில் குறைபாடுள்ள ஒரு மாணவன் ஸ்கோர் புத்தகத்தை அருமையாக எழுதுகிறான்; அவனை மேனேஜர் ஆக்கவும் யோசனை. நான் அவசரப்பட்டுவிட்டேனா? இவர்களிடம் எதை வைத்துப் பேசுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எல்லா விவரமும் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்குப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இதை உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே பல வருடம் ஆனது. மலையில் 31 வருடம் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். தொண்ணூறுகளில், குந்தா பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். 400 மீட்டரில் அவள் கடைசி வளைவைத் திரும்பும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் நாலு மணிக்கு மற்றவர்கள் வார்ம்-அப் முடித்து டிராக்கில் நிற்கும்போது, இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் பக்கம் நடப்பாள். 'ஆர்வம் இல்லை' என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். மூன்று வருடமும் கேப்டன் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அவளுடைய கடைசி வருடத்தில் என்.எஸ்.எஸ். முகாமுக்கு இடம் பார்க்க மஞ்சூர் பக்கம் போகவேண்டி வந்தது. அவள் போகும் பஸ்ஸிலேயே ஏறினேன். கேரட் மூட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்தாள். இறங்கியதும் பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்தாள். தேயிலைத் தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. பாதி வழியில் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். முப்பது அடி தள்ளி, செடிகளுக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. காட்டெருமை. அது வழியைவிட்டு நகரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருபது நிமிடம் நின்றோம். "ஆறு மணிக்குள்ள வந்துட்டா இது இங்க நிக்காது மேடம்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தேன். ஆனால் அவள் படிப்பு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

நாலு மணிக்குப் பிராக்டிஸ் என்றால் யாரால் நிற்க முடியும் என்று பாருங்கள். ஹாஸ்டல் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள். டவுன் பிள்ளைகளிலும் இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனால் யாரும் கேள்வி கேட்காத பையன்கள். மூன்று வருடம் தவறாமல் மைதானத்தில் நின்றவனைத்தான் எல்லாருக்கும் தெரியும், அவனுக்குத்தான் ஜூனியர்கள் கட்டுப்படுவார்கள், எனவே அவன்தான் கேப்டன், அடுத்த வருடம் அவன்தான் செயலாளர். உங்கள் மூத்தவர்கள் யாரையும் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அவர்கள் போட்டுவைத்த கால அட்டவணை அந்த வேலையைச் செய்துவிட்டது. நீங்கள் ஆளை மாற்றினீர்கள், அட்டவணையை மாற்றவில்லை. இரண்டு வாரம் அவள் தாக்குப்பிடித்ததே பெரிது.

அதனால் முதல் வேலை இது: எல்லா அணியின் பெயர்ப்பட்டியலையும் எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊர், பஸ் நேரம், இறங்கியபின் நடக்கும் தூரம், இந்த மூன்றையும் எழுதுங்கள். நீங்களே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டு எழுதவேண்டும், தாளைச் சுற்றுக்கு விடாதீர்கள். பிறகு அந்தத் தாளோடு முதல்வரிடம் போங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கடைசிப் பீரியடை விளையாட்டுக்கு விடச் சொல்லுங்கள். தேர்வுக்கான பயிற்சியும் கேப்டன்கள் கூடும் கூட்டமும் அந்த இரண்டு நாளில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாள் இருக்க முடிந்தவர்கள் இருக்கட்டும். அந்த நாட்களில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நீங்கள் சமவெளிக்காரர் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். இந்த மாவட்டத்துக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில் கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைபடும். 2009 நவம்பர் மண்சரிவைப் பற்றி உங்கள் கல்லூரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே நாளில் ஒரே செலக்‌ஷன் என்று வைத்தால், அன்று யார் ஊரில் மழையோ அவர்கள் வெளியே. இரண்டு தேதி வையுங்கள்.

இப்போது 'திறமை' விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்களுக்குத் தயக்கம் இருக்கிறது என்று தெரிகிறது.

ஊட்டி மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் மாணவி தூங்கி எழும் ஊர் அதில் பாதி உயரம்கூட இருக்காது. உயரம் கூடினால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும்; நீண்ட ஓட்டத்தில் அது உடனே காலைப் பிடிக்கும், உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் வேண்டும். இது உங்களுக்குப் பாடத்தில் வந்ததுதான். அதோடு விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்து இறங்கி, ஒரு டீகூடக் குடிக்காமல் ஓடியிருப்பாள். அந்த ஹாஸ்டல் பெண் கெட்டிக்காரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு ஓட்டத்தை வைத்து இவளை எடைபோட முடியாது. உங்கள் மைதானத்தில், அவள் வயிறாரச் சாப்பிட்ட ஒரு நாளில், இருவரையும் மறுபடி ஓடவிடுங்கள். அப்போதும் பின்னால் வந்தால், வரட்டும். அணியிலேயே வேகமாக ஓடுபவர்தான் கேப்டனாக இருக்கவேண்டும் என்று எங்கும் விதி கிடையாது.

உங்கள் மூத்தவர்களிடம் இன்னொன்றையும் நினைவுபடுத்துங்கள். நம் பதவிக்கே யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு உடல்தகுதித் தேர்வு வைத்திருக்கிறது. 30 வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். 40 வரை 1500. 45 வரை 1200. பெண்ணுக்கு 8 நிமிடம், 30 வயதுவரை 1000 மீட்டர். நீங்கள் வேலைக்கு வந்தபோது 1500 ஓடித்தான் வந்திருப்பீர்கள். உங்களைவிட இளையவர் 300 மீட்டர் கூடுதலாக ஓடினார் என்பதற்காக உங்களை யாரும் தகுதி குறைந்தவர் என்று சொல்லவில்லை. ஆளின் நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அளப்பது நம் தொழிலில் எப்போதும் உள்ள வழக்கம்தான்.

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்கிறார்கள். 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது 4 பெண்கள் இருக்கவேண்டும் என்கிறது. உங்கள் கல்லூரிக் குழுவை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் எண்ணிக்கையை எழுதிவைக்காவிட்டால் தானாக வராது என்று பார்த்துவிட்டுத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். 1927-ல் தொடங்கிய இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு ஒரு பெண், அதுவும் பி.டி. உஷா போன்ற ஒருவர், தலைவராக வர 2022 டிசம்பர் ஆனது.

தானாக வராது என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிகளின் கதையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அங்கே 1972-ல் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிலையத்தில் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். பெண்கள் அணிகள் பல மடங்கு பெருகின. ஆனால் சட்டம் வந்த சமயத்தில் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்களாக இருந்தார்கள். இன்று பாதிக்கும் குறைவு. சம்பளமும் மதிப்பும் ஏறியதும் அந்த வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இருந்த விளையாட்டுத் துறைகளை ஒன்றாக இணைத்தபோது, பெரும்பாலும் ஆண்தான் தலைமையில் உட்கார்ந்தார். ஆடுகிறவர்கள் பெருகினார்கள், முடிவு எடுக்கும் இடம் கைவிட்டுப் போனது. டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதே நிலைதான்: போட்டியாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள், பயிற்சியாளர்களில் 13 விழுக்காடு மட்டுமே. உங்கள் கல்லூரியில் ஐந்தாறு மகளிர் அணி இருக்கிறது என்பதைக் காட்டி யாராவது "இதுக்கு மேல என்ன வேணும்" என்றால், இதைச் சொல்லுங்கள்.

சரி, மேடை விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும், மனம் வருந்தாதீர்கள். 'முதல் பழங்குடிக் கேப்டன்' என்று நீங்கள் அன்போடுதான் சொன்னீர்கள். ஆனால் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஆயிரம் பேருக்கும் அவள் எதற்காகக் கேப்டன் ஆனாள் என்பதற்கு அந்த நிமிடம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவள் கால் வேகம் அந்தக் காரணத்தில் இல்லை. மறுநாள் கேன்டீனில் அவள் காதுபட என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப்பாருங்கள். 800 மீட்டரில் அவள் எடுத்த நேரத்தைச் சொல்லி, பெயரைச் சொல்லி, கேப்டன் என்று சொல்லியிருந்தால் போதும். இருளர் என்பது அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது. அதை எப்போது, எங்கே சொல்வது என்பது அவள் உரிமை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகமும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளைச் சுதந்திர தினத்துக்கும் வரவேற்பு ஆட்டத்துக்கும் மேடை ஏற்றி இறக்குவதைக் காலமெல்லாம் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் உட்காரவைத்துக் கருத்துக் கேட்டதைத்தான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது சாவி. இது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரியில் விளையாட்டுக் குழுவில் நான் ஒரே பெண். கூட்டத்தில் என் பெயர் இருந்தது, நாற்காலி இருந்தது. ஸ்டோர் ரூம் சாவி மட்டும் என்னிடம் இல்லை. பச்சை பெயின்ட் அடித்த மரக்கட்டையில் கம்பியால் கட்டிய சாவி. அட்டெண்டர் மேசை டிராயரில் கிடக்கும். ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்கவேண்டும், அவர் வெளியே போயிருந்தால் அன்றைக்குப் பிராக்டிஸ் இல்லை. பெண்களுக்குத் தையல் பிரிந்த இரண்டு வாலிபால். ஒரு ஆடி மாதம் அவர் லீவில் போக, சாவி என் கைக்கு வந்தது. கதவைத் திறந்ததும் ஈரச் சணல் பாய் நாற்றம். அலமாரிக்கு மேலே பிரிக்காத அட்டைப் பெட்டியில் ஆறு புதுப் பந்து. ஒன்றின் மேல் பூஞ்சை படர ஆரம்பித்திருந்தது. 'பாய்ஸ் இன்டர் காலேஜ்' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். நாலு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது.

அன்றைக்குப் புரிந்தது, பொறுப்பு என்றால் என்ன என்று. அதனால் நீங்கள் ஒருவரைக் கேப்டன் ஆக்கினால் மூன்றைக் கையில் கொடுங்கள்: சாவி, பணக்கணக்கு, பெயர்ப்பட்டியல். சாமானை எடுக்க அவள் யாரையும் கேட்கக்கூடாது. வெளியூர்ப் போட்டிக்கான டி.ஏ. (தினப்படி) பணம் அவள் கையெழுத்தோடு பட்டுவாடா ஆகவேண்டும். அணியில் யார் என்று முடிவாகும்போது அவள் உட்கார்ந்திருக்கவேண்டும்; அவள் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் என்று மினிட்ஸில் எழுதவேண்டும்.

அப்புறம், ஒருவரைத் தனியாக நிறுத்தாதீர்கள். ஒன்பது பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். நான் வாயைத் திறந்தால் அது 'பெண்கள் சார்பாக' ஆகிவிடும், பூப்பந்து வலையைப் பற்றிப் பேசினாலும். இரண்டாவது ஆள் வந்த வருடம்தான் நாங்கள் ஒருவரோடு ஒருவர் முரண்பட்டுப் பேசினோம், அதிலிருந்துதான் மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். உங்கள் மாணவிக்குத் துணைக் கேப்டன் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் போகும் அதே பஸ் தடத்தில் வரும் இன்னொரு பெண்ணாக இருந்தால் நல்லது. படுகர் வீட்டுப் பெண்ணோ, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. வழித்துணை இருந்தால் பிராக்டிஸ் தானாக நீளும்.

வணிகவியல் மேடத்தைத் துணைத் தலைவராக்குவது மிகச் சரி. அதற்கு முன்னால் அவரிடம் கேட்டீர்களா? கேளுங்கள். 'துணைக்குப் போய்வருவது' என்றால் என்ன தெரியுமா? சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கோயம்புத்தூருக்குக் கிளம்பி, பாரதியார் பல்கலைக்கழக மைதானத்தில் நாள் முழுக்க நின்று, இரவு பத்து மணிக்குக் கடைசிப் பெண்ணை வீட்டில் விட்டு வருவது. திங்கட்கிழமை வழக்கம்போல வகுப்பு. அந்த அலைச்சலுக்கு ஈடுசெய் விடுப்பு உண்டு, வகுப்பு மாற்று உண்டு என்று முதல்வர் கையெழுத்தில் எழுதி வாங்குங்கள். ஆண் பேராசிரியர்களையும் முறைவைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் பதவி என்ற பெயரில் அவருக்கு இன்னொரு வேலையைத் தலையில் கட்டியதாகத்தான் முடியும். துணைத் தலைவர் என்றால் செலக்‌ஷன் குழுவிலும் அவர் இருக்கவேண்டும், ஆண்கள் அணியின் செலக்‌ஷனிலும்தான். பூப்பந்து தெரிந்தவருக்குப் பையன்களின் கைவீச்சு மட்டும் தெரியாமல் போய்விடாது.

வெளியூர்ப் பயணம் என்றதும் ஒன்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு பெயரளவில் இருக்கிறதா, உண்மையில் கூடுகிறதா என்று பாருங்கள். மாணவர் தொடர்பான புகாரில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் அதில் இருக்கவேண்டும் என்பது 2015 யு.ஜி.சி. விதி. அந்தக் குழுவின் தொலைபேசி எண் ஒவ்வொரு அணியின் கையிலும் இருக்கட்டும்.

ஸ்கோர் எழுதும் அந்த மாணவன். அவனுக்கு விளையாட ஆசை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா, தம்பி? முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள், விவரம் சொல்வார். ஆடவும் செய்யட்டும், மேனேஜராகவும் இருக்கட்டும். அவனுக்கு எழுதுவதுதான் பிடிக்கும் என்றால், மேனேஜர் பதவிக்கு உரிய ஜெர்சி, டி.ஏ., ஆன் டியூட்டி எல்லாம் மற்றவர்களைப் போலவே கொடுங்கள்.

நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. செய்யவேண்டியதைத்தான் செய்தீர்கள், வரிசை மாறிவிட்டது. குழுவை ஒரே நாளில் கவிழ்க்கவும் வேண்டாம். இந்த வருடம் வணிகவியல் மேடம், அவரோடு இன்னொரு பெண் பேராசிரியர், கேப்டன்களிலிருந்து இரண்டு பேர். செயலாளர் பதவிக்கு ஒரு வருடம் மாணவர், மறு வருடம் மாணவி என்று விதியாகவே எழுதிவிடுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போனாலும் விதி அங்கே இருக்கும். கூட்டத்தில் மூத்தவர்களோடு வாதாடாதீர்கள். அந்த பஸ் தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். அவர்களில் பாதிப்பேர் இந்த மலையில் பிறந்தவர்கள். அவர்கள் தங்கச்சிகளும் அந்த பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்கள்தான்.

கடைசியாக, அந்தப் பெண். அவள் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், வணிகவியல் மேடத்தை அழைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். ஷூ, டிராக் சூட், போட்டோ எடுக்கிற ஆள் எதுவும் வேண்டாம். அவளோடு அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேசுங்கள். மேடையில் அப்படிச் சொன்னதற்கு அவளிடம் நேராக வருத்தம் தெரிவியுங்கள். புது நேரத்தைச் சொல்லுங்கள், துணைக் கேப்டன் யாராக இருந்தால் நல்லது என்று அவளையே கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாமல், ஓட மட்டும் வருகிறாயா என்று கேளுங்கள். காரில் போகாதீர்கள். கல்லூரியிலிருந்து அவள் ஏறும் பஸ்ஸில், அவள் ஏறும் நேரத்தில் ஏறிப் போங்கள், நாலு இருபதோ எதுவோ. திரும்ப பஸ் இருக்காது, அதற்கு மட்டும் ஒரு ஜீப்புக்குச் சொல்லிவையுங்கள்.

போய்வந்ததும் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.